திருச்சி போன்ற வெயில் ஊரில் விதை போட்டே வளர்க்க எந்த அழகுப் பூச்செடிகளைத் தேர்ந்தெடுக்கலாம்?

உங்கள் வீட்டு வாசலை ஒட்டிக் காலை முதல் மாலை வரை வெயில் விழும் ஒரு துண்டு நிலமும், மதில் ஓரமாகச் சற்று நிழலும் இருப்பதாகவும், பூத்த செடியை நர்சரியில் வாங்கி வைப்பதைவிட விதை போட்டு வளர்க்கவே விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பான்சி, ஸ்வீட் பீ, பெட்டூனியா, 'நீல ரோஜா' ஆகியவை அடங்கிய ஒரு விதைத் தொகுப்பை இணையத்தில் பார்த்து வைத்திருப்பதாகவும், இந்த ஆனி மாதத்திலேயே அதை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்தப் பணத்தில் கால் பங்கு கூடச் செலவழிக்காமல், ஐந்தாறு மாதம் வாசல் நிறையப் பூ வைத்திருக்க முடியும்.

பான்சியும் ஸ்வீட் பீயும் குளிர்ப் பிரதேசப் பூக்கள். தமிழ்நாட்டில் அவை ஊட்டியிலும் கொடைக்கானலிலும்தான் இயல்பாக வளர்கின்றன. மே மாதத்தில் ஊட்டி தாவரவியல் பூங்கா மலர்க் காட்சியில் அவற்றைப் பார்த்து மயங்கி, இறங்கும் வழியில் விதைப் பொட்டலம் வாங்கி வருபவர்கள் பலர். பூங்காவில் அந்தக் காட்சிக்காகப் பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, மலையின் குளிரில் நாற்று வளர்க்கிறார்கள் என்பது அந்தப் பொட்டலத்தில் எழுதியிருப்பதில்லை. திருச்சி வெயிலில் பான்சி விதை முளைப்பதே அரிது; முளைத்தாலும் செடி நோஞ்சானாக நீண்டு, மொட்டு விடும் முன்பே வாடிவிடும். 'நீல ரோஜா' விதை என்பது முழுப் பொய். உண்மையான நீல நிற ரோஜா உலகில் எங்கும் விதையாக விற்கப்படுவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றத்தால் உருவாக்கி 2004-இல் அறிவித்த ரோஜாவும் இளம் ஊதா நிறத்தைத்தான் எட்டியது. ரோஜா, மல்லிகை, செம்பருத்தி, காகிதப்பூ ஆகியவற்றைப் போத்து (வெட்டி நடும் தண்டு), பதியன் (கிளையை மண்ணில் புதைத்து வேர்விடச் செய்வது), ஒட்டு ஆகிய வழிகளில் வளர்ப்பதுதான் முறை. அவற்றை விதைப் பட்டியலிலிருந்து இப்போதே நீக்கிவிடுங்கள்.

பெட்டூனியாவின் நிலை சற்று வேறு. கார்த்திகையிலிருந்து மாசி வரை அது நம் சமவெளியிலும் பூக்கும். ஆனால் ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ 10,000 விதைகள் இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும் அந்தத் தூசியை மண்ணால் மூடக் கூடாது, காயவும் விடக் கூடாது, பூவாளியால் தண்ணீர் ஊற்றவும் கூடாது. தொடங்குபவருக்கு அது தேவையற்ற சோதனை. அடுத்த ஆண்டு கை பழகிய பிறகு முயலுங்கள்.

விதைப் பூச்செடியைத் தேர்ந்தெடுக்கும்போது பொட்டலத்தின் படத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்க்க வேண்டியது பட்டம்: விதைக்கும் நாளிலிருந்து பூக்கும் நாள் வரை அந்தச் செடி எந்த வெயிலையும் எந்த மழையையும் தாண்ட வேண்டியிருக்கிறது என்பது. அடுத்தது விதையின் அளவு. கையால் ஒவ்வொன்றாக எடுத்து ஊன்ற முடிகிற விதையை யாரும் முளைக்க வைத்துவிடலாம். மூன்றாவது, அந்தச் செடியிலிருந்து மறுபடி நாமே விதை எடுக்க முடியுமா என்பது. இந்த மூன்றையும் வைத்து உரசிப் பார்த்தால், நம் பாட்டிமார் கொல்லையிலும் கிணற்றடியிலும் வைத்திருந்த பூக்களே முன்னால் வந்து நிற்கின்றன. அவற்றைப் பழைய பாணி என்று சிலர் ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு கோழிக்கொண்டைப் பாத்தி செழித்து நிற்கும்போது அதன் முன் எந்த இறக்குமதிப் பூவும் ஈடாகாது.

கோழிக்கொண்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதன் விதை சிறியது, கறுப்பாகப் பளபளப்பது. மேலே மெல்லிய மண்போர்வை இட்டால் ஒரு வாரத்தில் முளைக்கும். நாற்று நான்கைந்து இலை விட்டதும் தயங்காமல் தரையில் நட்டுவிட வேண்டும். சிறு தொட்டியில் வேர் நெருக்குண்டு நின்றாலோ, தண்ணீரின்றி வாடினாலோ, செடி சாண் உயரத்திலேயே கட்டைவிரல் அளவு கொண்டையை விட்டு அதோடு நின்றுவிடும். பிறகு எவ்வளவு உரமிட்டாலும் அது பெருக்காது. நன்றாக வளர்ந்த கொண்டையின் மேல்விளிம்பு, மடிப்பு மடிப்பாக வெறும் நிறத்தை மட்டும் தாங்கி நிற்பது. விதை பிடிப்பது அதற்குக் கீழே, கொண்டையின் இரு பக்கத் தோள்களில்தான். பூவின் நிறம் மங்கத் தொடங்கியதும் செய்தித்தாளை விரித்து, அந்தத் தோள்களை விரலால் தேய்த்தால் ஆயிரக்கணக்கில் உதிரும். இருப்பதிலேயே அகன்ற, நிறம் அடர்ந்த கொண்டையில் மட்டும் விதை எடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு உங்கள் பாத்தி மேம்படுவதைக் காண்பீர்கள்.

வாடாமல்லி இதைவிடவும் எளிது, வெயிலுக்கு அஞ்சாதது, மூன்று மாதத்திற்குக் குறையாமல் பூப்பது. காய்ந்த பூவை உதிர்த்தால் பஞ்சு போர்த்த விதைகள் கிடைக்கும். அந்தப் பஞ்சு ஈரத்தை உள்ளே விடத் தயங்குவதால், ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்தோ, மணலோடு சேர்த்து உள்ளங்கையில் கசக்கியோ விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும்.

செண்டுமல்லி, தென்மாவட்டங்களில் கேந்தி என்று சொல்லப்படும் பூ, எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதில் கவனிக்க வேண்டியது ரகத் தேர்வு. கடையில் கிடைக்கும் வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதை, எண்ணிக்கைக் கணக்கில் விலை அதிகமாக விற்கும்; பூ பந்து போல ஒரே அளவில் வரும். அதிலிருந்து நீங்கள் எடுக்கும் விதையில் அடுத்த தலைமுறை உயரத்திலும் நிறத்திலும் பலவாறாகப் பிரிந்து நிற்கும். ஒரு பண்டிகைக்கு ஒரே சீராகப் பூ வேண்டும் என்றால் அதை வாங்குங்கள். ஆண்டுதோறும் விதை எடுக்கும் எண்ணம் இருந்தால் நாட்டு ரகமே போதும். நட்ட மூன்று நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் விட்டுப் பூ பெருகும். செண்டுமல்லியின் வேரில் உள்ள ஒரு வேதிப்பொருள் மண்ணில், பயிர்களின் வேரில் முடிச்சு விழச் செய்யும் நுண்ணிய நூற்புழுக்களைக் குறைப்பதால், கத்தரியும் தக்காளியும் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டை நன்மை.

ஜினியாவை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். மெக்சிகோவிலிருந்து வந்த செடி என்பதால் நம் வெயில் அதற்குப் புதிதல்ல. இடம் மாற்றி நடுவதை அவ்வளவாக விரும்பாது; பூக்க வேண்டிய இடத்திலேயே விதையை ஊன்றி, மேலே அரை விரற்கடை மண் போட்டால் ஒரு வாரத்திற்குள் முளைத்துவிடும். பூவைச் செடியிலேயே முழுக்கக் காயவிட்டு, பழுப்பேறிய ஓர் இதழைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள்: இதழின் அடியில் தட்டையான, நுனி கூரிய விதை ஒட்டிக்கொண்டே வரும். மார்கழிப் பனியில் இலைமேல் சாம்பல் நோய் படரும் என்பது இதன் குறை. நெருக்கமாக விதைக்காமல், மாலையில் இலை நனையும்படி தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் பெருமளவு தப்பிக்கலாம். மஞ்சள் காஸ்மாஸுக்கும் நேரடி விதைப்பே ஏற்றது. உரம் மிகுந்த மண்ணில் அது இலையாக வளர்ந்துகொண்டே போகும். வறண்ட மண்ணில்தான் மனம் திறந்து பூக்கும். ஒருமுறை போட்டால் தானே விதை சிந்தி, அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். இந்த இரண்டிலும் ஒற்றை அடுக்குப் பூ விடும் ரகங்களைக் கொஞ்சமாவது வையுங்கள். இதழ்கள் மட்டுமே நிறைந்த அடுக்குப் பூக்களில் தேனீக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் கிடைப்பது மிகக் குறைவு.

மதில் ஓர நிழலுக்குக் காசித்தும்பையைத் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம். நம் நாட்டுக்கே உரிய செடி. ஈரமும் மிதமான நிழலும் இருந்தால் இரண்டு மாதத்தில் தண்டோடு ஒட்டிப் பூத்து நிற்கும். இதன் காய் முற்றியதும் தொட்ட மாத்திரத்தில் வெடித்து, தோல் சுருண்டு, விதையை நாலாபுறமும் வீசும். ஆகவே காய் வெளிறத் தொடங்கும்போதே உள்ளங்கையால் முழுவதும் பொத்திப் பறிக்க வேண்டும். கைக்குள் அது வெடிக்கும் துடிப்பைக் குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள். இரும்புக் கிராதியோ வேலியோ இருந்தால் சங்குப்பூவைப் படரவிடுங்கள். அதன் விதைத்தோல் கடினமானது என்பதால், உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, இரவு முழுதும் ஊறவைத்து ஊன்ற வேண்டும்.

நித்தியகல்யாணியும் அந்திமந்தாரையும் கோடைக்கான பூக்கள். பெரும்பாலான சிறு விதைகளை மூடியும் மூடாமலும் போடலாம் என்றால், நித்தியகல்யாணி விதையை மட்டும் இருட்டில் வைக்க வேண்டும். மண்ணால் நன்றாக மூடி, தட்டின்மேல் ஓர் அட்டையைக் கவிழ்த்து, முளை தெரிந்த அன்றே அட்டையை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கினால் இந்தச் செடி அழுகிவிடும். மாசியில் விதைத்தால் கத்தரி வெயிலில் மற்றச் செடிகள் துவளும்போது இது பூத்துக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: நித்தியகல்யாணிச் செடி முழுவதும் நச்சுத்தன்மை கொண்டது; மிளகைப் போலவே இருக்கும் அந்திமந்தாரை விதையும் உண்ணத் தகாதது. கையில் கிடைப்பதை வாயில் போடும் வயதில் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

விதையை எங்கே வாங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தின் பின்புறம் முளைப்புத் திறன், பரிசோதித்த தேதி, செல்லத்தக்க கடைசித் தேதி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். வெயில் அடிக்கும் கடை வாசலில் தொங்கவிடப்பட்ட பொட்டலமும் வேண்டாம், தேதி சரியாக இருந்தாலும் சூட்டில் விதை உயிரிழந்திருக்கும். ஐயம் இருந்தால் பத்து விதைகளை ஈரத் துணியில் மடித்து ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் அந்தப் பொட்டலத்தை நம்பிப் பாத்தி தயாரிக்க வேண்டாம். இவை எல்லாவற்றையும்விட நல்ல விதை, உங்கள் தெருவிலேயே செழித்துப் பூத்த செடியிலிருந்து கேட்டு வாங்கும் விதைதான், ஏனெனில் அது உங்கள் ஊர் வெயிலையும் தண்ணீரையும் ஒருமுறை தாண்டி வந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பூவுக்கும் பொருந்தும். ஆடி முதல் வாரத்தில் கோழிக்கொண்டை, வாடாமல்லி, செண்டுமல்லி விதைகளைக் குழித்தட்டிலோ அகன்ற தொட்டியிலோ போடுங்கள்; தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் சம அளவில் கலந்தால் போதும். சுற்றிலும் மஞ்சள்தூளையோ சாம்பலையோ ஒரு கோடாக இடுங்கள், இல்லையென்றால் எறும்பு விதையை இரவோடு இரவாகத் தூக்கிச் சென்றுவிடும். அதே வாரத்தில் ஜினியாவை நேராகத் தரையிலும், காசித்தும்பையை மதில் ஓரத்திலும் ஊன்றிவிட்டால், ஆயுத பூசைக்கும் தீபாவளிக்கும் வீட்டுப் பூவே இருக்கும். ஐப்பசி அடைமழையில் தரையில் எதையும் விதைக்காதீர்கள், இளநாற்று நாற்றழுகலில் போய்விடும். அந்த மழை நாட்களில் தாழ்வாரத்தில் ஒரு தட்டுச் செண்டுமல்லி நாற்றை வளர்த்து வைத்து, மழை ஓய்ந்ததும் நட்டால் பொங்கலை ஒட்டிப் பூக்கத் தொடங்கும். உங்கள் இடத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பொட்டலம் போதும். மீந்த விதையை நிழலில் உலர்த்தி, காகித உறையில் பெயரும் மாதமும் எழுதி, இறுக மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் தைப்பட்டத்துக்கும் கெடாமல் இருக்கும்.