பன்னீர் தெளிக்கலாம், மிஸ்ட் ஃபேன் வேண்டாம்

கேள்வி: என் மகளின் கல்யாண வரவேற்பு ஜூன் முதல் வாரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு திறந்தவெளிப் புல்தரையில், மாலை 6.30 மணிக்கு. 400 பேர் வருவார்கள். செல்போனில் பார்த்தால் தினமும் மாலை 34 டிகிரி, ‘உணர்வது 44’, இடியுடன் மழைக்கு வாய்ப்பு 60 சதவீதம் என்றே காட்டுகிறது. ஏற்பாட்டாளர் வாட்டர்ப்ரூஃப் பந்தலும் மிஸ்ட் ஃபேனும் கட்டாயம் என்று கூடுதல் பணம் கேட்கிறார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகப் போகிறதாம், தேதியையே மாற்று என்கிறார் என் அண்ணன். என்ன செய்யலாம்? (பாலவாக்கம் வாசகர்)

தேதியை மாற்ற வேண்டாம். மிஸ்ட் ஃபேன் வேண்டவே வேண்டாம். பந்தலில் பாதி வேண்டும். எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த 34, 44 விவகாரம். 34 என்பது நிழலில் வைத்த தெர்மாமீட்டர் காட்டும் காற்றின் சூடு. 44 என்பது எந்தக் கருவியும் அளந்தது இல்லை. சூட்டையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. நம் உடம்பு வியர்வையால் குளிர்வதில்லை, வியர்வை காய்வதால் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். அந்த அவஸ்தைக்குத்தான் 44 என்று மார்க் போடுகிறார்கள்.

ஜூனில் சென்னையில் நடப்பது இதுதான். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும் காற்று, நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி வருகிறது. அது பலமாக இருக்கும் நாளில் கடற்காற்றை உள்ளே விடாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அதெல்லாம் கடற்காற்று தோற்ற நாட்களின் கதை. கடற்காற்று ஜெயித்தால் சூடு சில டிகிரி இறங்கும், ஆனால் ஈரம் ஏறும். உங்கள் 6.30 மணி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆக, புழுக்கம் நிச்சயம். மழை வரலாம், வராமலும் போகலாம். உங்கள் ஏற்பாட்டாளர் நிச்சயமானதற்குத் தப்பான மருந்தையும், நிச்சயமில்லாததற்கு விலை உயர்ந்த மருந்தையும் விற்கிறார்.

மிஸ்ட் ஃபேன் என்பது தண்ணீரைப் பொடித்துத் தூவும் விசிறி. தூவிய தண்ணீர் ஆவியாகும்போது காற்று குளிரும். வேலூரில் மே மாத மதியம், 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் கணக்குப்படி பத்து டிகிரிக்கு மேல்கூடக் குளிரவைக்கலாம். உங்கள் புல்தரையில் 34 டிகிரி, 70 சதவீதம். தண்ணீர் முழுதாக ஆவியானாலும் நாலைந்து டிகிரிதான் இறங்கும். சுவரே இல்லாத இடத்தில் அதுவும் நிற்காது. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? பட்டுப்புடவை மேல்தான். எங்கள் சொந்தத்தில் ஒரு வரவேற்பில் பத்து மிஸ்ட் ஃபேன் வைத்தார்கள். அரை மணியில் பெண்ணின் நெற்றிக் குங்குமம் மூக்குவரை இறங்கிவிட்டது, வீடியோக்காரர் லென்ஸைத் துடைத்தே களைத்தார். வாடகைக்கு விடுகிறவரிடம் கேட்டதற்கு, “வேலூர்ல சூப்பரா இருக்கும் சார்” என்றார். உண்மைதான்! வாடகை ஏர் கூலருக்கும் இதே தீர்ப்பு. தண்ணீர் இல்லாத பெரிய ஸ்டாண்டு ஃபேன்களை நிறைய வையுங்கள். காற்று வேகமாக ஓடினால் இருக்கிற வியர்வை கொஞ்சமாவது காயும். பெரியவர்களை அதன் எதிரே உட்காரவைத்து, வாசலிலேயே உப்புப் போட்ட மோர் கொடுங்கள்.

சரி, மழை. செல்போனில் வரும் 60 சதவீதத்தை மழையின் அளவு என்றோ நேரம் என்றோ நினைக்காதீர்கள். அந்த வட்டாரத்தில் நாலு தூறலாவது விழ எவ்வளவு வாய்ப்பு என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பத்து நாளுக்கு முன்பே மணிக்கணக்கில் சொல்லும் செயலியைப் பார்த்துப் பணம் கட்டுவதும் கிளி ஜோசியம் பார்த்துக் கட்டுவதும் ஒன்றுதான்.

அதற்காக அரசு அறிக்கையும் உங்களுக்குக் கைகொடுக்காது. “ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.” ஜூன் முழுக்கக் கேட்டிருப்பீர்கள். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்த வட்டாரத்து மழைமானிகளில் கால்வாசிக்குள் என்று பொருள். ‘சில இடங்களில்’ என்றால் அரைவாசி வரை. எந்த நாளுக்கும் பொய்க்காத வாக்கியத்தால் கல்யாண வீட்டுக்கு என்ன பிரயோஜனம்? சென்னைத் துறைமுகத்தில் ரேடார் வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதில் மேகம் நகர்வது தெரியும். அதைச் சாதாரண மனிதன் புரிந்துகொள்கிற மாதிரி தமிழில் சொன்னால் எவ்வளவு உபயோகமாக இருக்கும்!

நீங்களே பார்க்கலாம், கஷ்டமில்லை. இந்த மாதத்து இடிமழை பெரும்பாலும் கடலிலிருந்து வராது, மேற்கிலிருந்து வரும். கடற்காற்றும் மேற்குக் காற்றும் உள்நாட்டில் முட்டிக்கொள்ளும் இடத்தில் பிற்பகலில் மேகம் வளரும். திருத்தணி, அரக்கோணம், காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உருவாகி, மேற்குக் காற்றோடு மாலையிலோ இரவிலோ கடற்கரைக்கு வரும். பாதி வழியில் கரைந்தும் போகும். அன்று மதியம் 3 மணியிலிருந்து வானிலை மையத்தின் இணையதளத்தில் ரேடார் படத்தைத் திறந்து, காஞ்சிபுரம் பக்கம் சிவப்பு, அதாவது பலத்த மழைமேகம், வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கை ஒன்றும் வரும். அது ஓரளவு நம்பலாம்.

மூன்று மணி நேரத்தில் பந்தல் எழுப்ப முடியாது என்பீர்கள். சரிதான். அதனால்தான் பாதி என்றேன். சாப்பாட்டுக்கூடமும் சமையல் இடமும் கெட்டியான கூரைக்குக் கீழே இருக்கட்டும். அந்த இடத்தில் கட்டடம் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். மேடையும் நாற்காலியும் வானத்துக்குக் கீழே இருக்கலாம். நாற்காலி நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், சாம்பார் நனைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் துணி, அதன் மேல் ஒரே ஒரு சென்டிமீட்டர் மழை: ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு டன் தண்ணீர். தட்டையாக இழுத்துக் கட்டியிருந்தால் நடுவில் தொங்கி, குளமாகி, கிழியும். சரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து காற்று. இடிமேகத்திலிருந்து இறங்கும் காற்று மழைக்கு முன்னால் வந்து அடிக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. புல்தரையில் வெறும் மணல் மூட்டை வைத்து நிறுத்திய இரும்புச் சட்டம் அதைத் தாங்காது. எனவே பந்தல்காரரிடமே நேராகப் பேசுங்கள், நடுவில் இருப்பவரிடம் வேண்டாம். மழைப் பயத்தைக் காட்டிக் கேட்கும் தொகையில் பந்தல்காரர் கைக்கு எவ்வளவு போகிறது என்று விசாரித்தாலே பாதி விஷயம் விளங்கும். செயலியின் மேகப்படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி “இன்னைக்கே அட்வான்ஸ் போடுங்க” என்பவரிடம், போடாத பந்தலுக்குப் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் போன் வராது.

உங்கள் அண்ணன் சொன்ன வங்கக்கடல் தாழ்வு. இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் வருடாவருடம் இதே குழப்பம். நவம்பர் பழக்கத்தில், கடலில் புயல் என்றால் நமக்கு மழை என்று நினைக்கிறோம். மே கடைசியிலும் ஜூனிலும் பெரும்பாலும் நேர்மாறு. புயல் நடுக்கடல் வழியாக வடக்கே போகும். போகும்போது ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நமக்குத் தரையிலிருந்து வறண்ட காற்றை வரவழைக்கும். கடற்காற்று அடைபட்டு வெயில் ஏறும். 2020 மே மாதம் ஆம்பன் மேற்கு வங்கத்தைப் புரட்டிப் போட்டபோது நமக்கு மிஞ்சியது வெயில்தான். ஆனால் கரையை ஒட்டி நகர்ந்தால் கதை வேறு. 2010 மே மாதம் ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறிய லைலா போகிற வழியில் சென்னையை நனைத்தது. 2016 மே மாதம் ரோவானுவும் அப்படியே. ஆகவே தாழ்வு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், சென்னைக் கரையை ஒட்டி வருகிறதா என்று கேளுங்கள். அது நாலைந்து நாள் முன்னால் ஓரளவு தெரிந்துவிடும். ஒட்டி வந்தால் மட்டும் அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.

புயலே இல்லாமலும் கொட்டும் என்பது வேறு. 2023 ஜூன் 18 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் மீனம்பாக்கத்தில் சுமார் 16 செ.மீ. பெய்தது. அதற்கு எந்தப் பந்தலும் பதில் ஆகாது.

கடைசியாக மின்சாரம். மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். இரும்புப் பந்தல் அடைக்கலம் ஆகாது. ஜெனரேட்டர் இணைப்பில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் டிரிப்பர் இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்கு மேற்கே மின்னி, திடீரென்று முகத்தில் குளிர்காற்று அடித்தால் 400 பேரும் அப்பாடா என்பார்கள். அந்த நிமிடமே மேடை விளக்கின் மெயினை அணைக்கச் சொல்ல ஓர் ஆளை இப்போதே பேசி வையுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரராகப் பார்த்து வையுங்கள். பெண் வீட்டார் சொன்னால் போட்டோகிராஃபர் இன்னும் ரெண்டே ரெண்டு படம் என்பார்.