கற்சுவரைத் தாண்டிய பிறகு

அன்புள்ள அக்கா,

குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று நீங்கள் முன்பு சொல்லியிருந்த படங்களில், அடைபட்ட திமிங்கலத்தை ஒரு பையன் கடலுக்கு விடுவிக்கிற ‘ஃப்ரீ வில்லி’யும் ஒன்று. போன ஞாயிறு எட்டு வயது மகளோடு பார்த்தேன். கடைசியில் அந்தத் திமிங்கலம் கற்சுவருக்கு மேலே, பையனின் தலைக்கு மேலே தாவிக் கடலில் விழுந்தபோது சோபாவில் ஏறி நின்று கைதட்டினாள். மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் வண்டியில் உட்கார்ந்தபடி கேட்டாள்: “அப்பா, வில்லி அவங்க அம்மாகிட்ட போய்ச் சேர்ந்துடுச்சா?”

மதியம் தேடிப் பார்த்தேன். வில்லியாக நடித்த திமிங்கலம் 2003இல் இறந்துவிட்டது என்று இருந்தது. சாயங்காலம் அவள் மறுபடி கேட்டபோது, “சேர்ந்துடுச்சு பாப்பா” என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உறுத்துகிறது. நண்பர் ஒருவர், குழந்தையும் காட்டு விலங்கும் நண்பர்களாகிற படங்களே பொய், அதைக் காட்டியதே தப்பு என்கிறார். காட்டியது தப்பா, நான் சொன்னது தப்பா?

ஒரு அப்பா,
ஈரோடு

அன்புள்ள தம்பி,

காட்டியது தப்பில்லை. சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடுங்கள். எப்படிச் சொல்வது என்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்துகொள்வோம். இறந்த வருஷத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேடலை நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

வில்லியாக நடித்த ஓர்காவின் (கறுப்பும் வெள்ளையுமான திமிங்கல வகை) பெயர் கெய்க்கோ. 1979இல் ஐஸ்லாந்துக் கடலில் அதைப் பிடித்தபோது இரண்டு வயது இருக்கும். முதலில் அங்கேயே ஒரு தொட்டி, பிறகு கனடா, 1985இல் மெக்சிகோ நகரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா. கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிற ஊர் அது. ஓர்காவுக்குப் போதாத சின்னக் குளம். உப்பைக் கரைத்துச் செய்த வெதுவெதுப்பான தண்ணீர். தோலில் வைரஸ் தொற்றால் மருமருவாகப் புண்கள். படத்தில் நாம் பார்ப்பதும் அந்தக் குளத்தைத்தான். வில்லியின் முதுகுத் துடுப்பு ஒரு பக்கமாகத் தொங்குகிறதே, அது ஒப்பனை இல்லை.

கடைசித் தாவல் மட்டும் கெய்க்கோவுடையது இல்லை. அது படக்குழு உருவாக்கிய திமிங்கலம். படப்பிடிப்பு முடிந்ததும் பையன் வீட்டுக்குப் போனான். கெய்க்கோ அதே குளத்தில் இருந்தது.

1993இல் படம் வந்ததும் பிள்ளைகள் உங்கள் மகள் கேட்டதையே கேட்டார்கள். வில்லி இப்போது எங்கே? பத்திரிகைகள் போய்ப் பார்த்து எழுதின. பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் காசு அனுப்பினார்கள். படம் எடுத்த நிறுவனமும் ஒரு பெரும் பணக்காரரும் கோடிக்கணக்கில் போட்டார்கள். 1996 ஜனவரியில் பனிக்கட்டி மிதக்கும் பெட்டியில் வைத்து, சரக்கு விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் உள்ள நியூபோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதற்கென்றே கட்டிய பெரிய குளம், நிஜக் கடல்நீர். சுமார் 3,500 கிலோ இருந்த உடம்பு இரண்டு வருஷத்தில் 900 கிலோ போல ஏறியது. புண்கள் ஆறின. உயிரோடு இருக்கும் மீனைத் துரத்திப் பிடிக்க மனிதர்கள் அதற்குப் பழக்கிவிட்டார்கள். கடலில் பிறந்த உயிருக்கு!

1998 செப்டம்பரில் ஐஸ்லாந்து திரும்பியது. வலைகட்டி அடைத்த ஒரு விரிகுடாவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, படகின் பின்னாலேயே திறந்த கடலுக்கு நடத்திப் போனார்கள். காட்டு ஓர்காக்கள் மீன் தேடி வரும் இடத்துக்கே கொண்டுபோய் விட்டார்கள். கெய்க்கோ தள்ளி நின்று பார்த்தது. அனேகமாகப் படகுக்கே திரும்பி வந்தது.

ஓர்கா நாம் நினைக்கிற மாதிரி தனியாகத் திரியும் விலங்கு இல்லை. டால்ஃபின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயைச் சுற்றி வாழும். பல ஓர்காக் கூட்டங்களில் வளர்ந்த ஆண்கூட அம்மாவை விட்டுப் பிரியாது. கூட்டத்துக்குக் கூட்டம் குரல் மாறும், நம் வட்டார வழக்கு மாதிரி. எதைத் தின்பது, எப்படிச் சேர்ந்து பிடிப்பது எல்லாம் பெரியவர்களைப் பார்த்துக் கற்கிறவை. இரண்டு வயதில் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி எடுக்கப்பட்ட பிள்ளை கெய்க்கோ. இருபது வருஷம் அதன் காதில் விழுந்தது பெரும்பாலும் மோட்டார் சத்தமும் மனிதக் குரலும் விசிலும்தான்.

2002 கோடையில் ஒருநாள் அது தானாகவே கிளம்பியது. கடலைக் குறுக்காகக் கடந்து சுமார் 1,500 கிலோமீட்டர் நீந்தி நார்வே போய்ச் சேர்ந்தது. மெலிந்திருக்கவில்லை, வழியில் தானே இரை தேடியிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. ஆனால் போய்ச் சேர்ந்ததும் அது தேடியது மனிதர்களை. ஹால்சா என்ற ஊர்ப்பக்கம் ஒரு கடற்கழியில் படகுகளிடம் போய் நின்றது. பிள்ளைகள் நீந்திப் போய் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். கூட்டம் கூடிப்போய், யாரும் கிட்டே வரக் கூடாது என்று கடைசியில் அதிகாரிகள் தடுக்க வேண்டியிருந்தது. பராமரிக்கிறவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் வலை இல்லை, போக நினைத்தால் போகலாம். 2003 டிசம்பர் 12 அன்று இறந்தது, நிமோனியா என்று கருதப்படுகிறது. வயது 26, 27 இருக்கும்.

நார்வேப் பிள்ளைகள் திமிங்கலத்தின் முதுகில் உட்கார்ந்திருப்பது படத்தில் வருகிற நட்பேதான், இல்லையா? அந்தக் காட்சியை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இல்லை தம்பி. கெய்க்கோவுக்கு நம்மைத் தவிர வேறு யாரையும் நாம் மிச்சம் வைக்கவில்லை. அதைத்தான் நட்பு என்று கொண்டாடுகிறோம்.

இந்த இடத்தில் உங்கள் நண்பர் “அதைத்தானே நானும் சொன்னேன்” என்பார். முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். படத்தில் அந்தப் பையன் ஜெஸ்ஸி, வில்லியை வைத்துக்கொள்ள ஆசைப்படவில்லை, அனுப்பிவைக்கத்தான் ஓடுகிறான். குழந்தைகளுக்கான படத்தில் நட்பை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது பெரிய விஷயம். இன்னொன்றையும் கவனித்தீர்களா? ஜெஸ்ஸியை அவன் அம்மா விட்டுப் போய்விட்டாள். எப்படியும் வருவாள் என்று அவன் நம்பிக்கொண்டே இருக்கிறான். அவள் வருவதில்லை. படம் அவளைக் கடைசி நிமிஷத்தில் கூட்டிவந்து நிறுத்தவில்லை. வேறொரு வீட்டில், வேறு இரண்டு பேரை நம்பப் பழகிக்கொள்கிறான், அவ்வளவுதான். பையன் விஷயத்தில் அவ்வளவு நேர்மையாக இருந்த படம், திமிங்கலம் விஷயத்தில் மட்டும் ஒரு சுவரைத் தாண்டினால் போதும், குடும்பம் அந்தப் பக்கம் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. படத்தின் குறை அது ஒன்றுதான்.

உங்கள் மகள் ஜெஸ்ஸியின் அம்மா வராததைத் தாங்கிக்கொண்டவள். இதையும் தாங்குவாள்.

அத்தனை பணமும் வீண், நியூபோர்ட்டிலேயே விட்டிருக்கலாம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். காட்டு ஓர்காவாக அது மாறவில்லை என்பது உண்மை. ஆனாலும் கடைசி ஐந்து வருஷம் அதற்கு அலை இருந்தது, குளிர்ந்த தண்ணீர் இருந்தது, ஆழம் இருந்தது. மெக்சிகோவில் அந்தக் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்த விலங்கு ஒரு கடலைக் கடந்தது. இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஐஸ்லாந்தில் கெய்க்கோ இருந்த அதே விரிகுடாவுக்கு 2020இல் ஷாங்காய் காட்சியகத்தில் இருந்த இரண்டு வெள்ளைத் திமிங்கலங்களைக் கொண்டுபோனார்கள். அவற்றைத் திறந்துவிடுவது நோக்கம் இல்லை. மிச்ச நாளைக் கடல்நீரில் கழிக்கட்டும் என்றுதான். கெய்க்கோவிடமிருந்து கற்றது அதுவும்தான்.

சரி, அவளிடம் எப்படிச் சொல்வது? ஒரு உலக வரைபடத்தை விரித்து வையுங்கள். ஐஸ்லாந்து, கனடா, மெக்சிகோ, ஒரிகன், மறுபடி ஐஸ்லாந்து, நார்வே என்று அவளையே விரலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். “அன்னிக்கு அப்பா தப்பாச் சொல்லிட்டேன்” என்று ஆரம்பித்தால் போதும். அம்மாவிடம் போய்ச் சேரவில்லை என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அதைக் கரையில் புதைத்ததையும், பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த இடத்தில் கல் கல்லாக அடுக்கிவைத்ததையும் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், பக்கத்தில் இருங்கள்.

ஏன் சேரவில்லை என்று கேட்பாள். அப்போது படத்தை மறுபடி போடுங்கள், முதல் சில நிமிஷம் மட்டும். ஒரு குடும்பம் கடலில் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. படகுகள் வருகின்றன. வலை விழுகிறது. வலைக்கு வெளியே நிற்கிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா