ஆணா பெண்ணா என்று பிடிபடாத முகம்: அதில் குணம் தெரியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடை, கல்லாவுக்கு ஆள் தேடுகிறார்கள். வந்த விண்ணப்பங்களில் ஒரு போட்டோவைப் பார்த்தால் ஆணா பெண்ணா என்று சட்டெனப் பிடிபடவில்லை. "மொகத்தப் பாத்தா நம்பத் தோணல்ல, கேட்டியளா" என்று கூட இருந்த மாமா ஒதுக்கச் சொல்கிறார். அவர் பேச்சில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

இல்லை. மாமாவின் மனசில் எழுந்த உறுத்தல் நிஜம்தான். ஆனால் அது அந்த ஆளின் குணத்திலிருந்து வரவில்லை, பார்க்கிறவர் கண் படும் சிரமத்திலிருந்து வருகிறது.

ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, நம்பலாமா கூடாதா என்று முடிவு கட்டிவிடுகிறோம். வில்லிஸ், டோடொரோவ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் செய்த ஆய்வு இது. கூடுதல் நேரம் கொடுத்தபோது முடிவு பெரிதாக மாறவில்லை, சொன்னது சரிதான் என்ற தெம்பு மட்டும் கூடியது. மாமா அவ்வளவு உறுதியாகப் பேசுவதும் இதனால்தான்.

அந்த நொடியில் கண் எதைப் படிக்கிறது? தாழ்ந்த தடித்த புருவம், அகன்ற தாடை, மெல்லிய உதடு எல்லாம் ஆண் முகத்துக்கு உரியவை. கோபப்படும் முகத்திலும் புருவம் இறங்கும், உதடு இறுகி மெலியும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடுவதால், சும்மா இருக்கும் முகம்கூடக் கோபமாகத் தெரிகிறது. கோபக்காரரை நம்ப மனசு வருவதில்லை. கணினியில் ஒரு முகத்தின் ஆண்சாயலைக் கூட்டிக் காட்டியபோது, "அன்பில்லாதவர், நேர்மை குறைந்தவர்" என்று பார்த்தவர்கள் சொன்னது 1998இலேயே பதிவாகியிருக்கிறது. ஆண்சாயல் உள்ள பெண் முகத்துக்குத்தான் மதிப்பீடு இன்னும் கடுமையாகிறது.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. ஆண் முகத்தையும் பெண் முகத்தையும் கலந்து உருவாக்கிய முகங்களைக் காட்டி, முதலில் "ஆணா, பெண்ணா?" என்று பிரிக்கச் சொன்னால், அந்த முகங்களுக்குக் கிடைக்கும் அழகு மதிப்பெண் இறங்குகிறது. பிரிக்கச் சொல்லாதபோது அப்படி இறங்குவதில்லை. சிரிப்பும் கோபமும் கலந்த முகங்களை உணர்ச்சி வாரியாகப் பிரிக்கச் சொன்னபோது, அந்த முகங்களை நம்பலாம் என்ற மதிப்பெண்ணே இப்படி இறங்கியது. வகைப்படுத்தத் திணறும் எரிச்சலை முகத்தின் குற்றமாக எழுதிவிடுகிறோம். உங்கள் விண்ணப்பத் தாளில் முதல் கட்டமே 'ஆண் / பெண்' என்றால், அதை எடுத்துவிடுங்கள். பதிவேட்டுக்குத் தேவையானால் வேலை கொடுத்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பச்சை பூசினால் உத்தமன், கத்தி வேஷம் என்றால் அகங்காரி. மினுக்கு என்ற மெல்லிய ஒப்பனை மட்டும் பெண்ணுக்கும் முனிவருக்கும் பொது. ஆண் நடிகரே கண்ணில் மை தீட்டி, உதட்டைச் சிவப்பாக்கிப் பெண்ணாக வந்து நிற்பார். உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 2009இல் காட்டியதும் இதுவே: இருபால் சாயலுள்ள ஒரே முகத்தில், கண்ணும் உதடும் தோல் நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரியும்படி செய்தால் பெண், அந்த வேறுபாட்டைக் குறைத்தால் ஆண். மேடையில் குணத்தை முகத்தில் எழுதுவது கலை. கல்லாவுக்கு ஆள் எடுக்கும்போது அப்படி எழுதினால் ஒருவர் பிழைப்பு போகும்.

போட்டோவும் ஏமாற்றும். கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது உள்வாங்கும். ஒரு ஆய்வில், 45 செ.மீ. தூரத்தில் எடுத்த முகத்தை, 135 செ.மீ. தூரத்தில் எடுத்த அதே முகத்தைவிட நம்பத் தகாததாக மதிப்பிட்டார்கள். தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்தால் கண்குழியில் நிழல் விழும். தாடையைத் தாழ்த்தினால் புருவம் கோபத்தில் நெரித்ததுபோல் தெரியும். முதல் சுற்றில் போட்டோவே வாங்காமல் இருப்பது நல்லது.

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பார்கள். அப்போதைய சந்தோஷமும் சங்கடமும் தெரியும். கல்லாவில் கை வைப்பாரா என்பது தெரியாது. அதற்கு வேலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். நோட்டும் சில்லறையுமாக 4,000 ரூபாயை எண்ணி, நோட்டு வாரியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு 20 பில்லைக் கொடுத்து நாள் கணக்கை முடிக்கச் சொல்லுங்கள். கணக்கில் 50 ரூபாய் இடிக்கும்படி முன்பே வைத்திருங்கள். வந்த எல்லாருக்கும் இதே தொகை, இதே பில். நீங்களும் மாமாவும் பேசிக்கொள்ளாமல் தனித்தனித் தாளில் மார்க் போடுங்கள். இடிப்பதை வாய்விட்டுச் சொல்கிறாரா, தானே ஒரு எண்ணைத் திருத்திச் சரிக்கட்டுகிறாரா என்பதற்குப் பாதி மார்க்.