சிறு தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் அது நம்முடையதாகவே இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு: சென்னையில் தனி உரிமையாளராக நடத்திவரும் சிறு தொழிலைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்வதால் என்ன பயன், பதிவு செய்த பிறகும் அது நம்முடையதுதானா. முதல் கேள்விக்கு எந்த ஆடிட்டரும் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு, அது நம்முடையது அன்று என்பதே பதில். பங்குகள் நம்முடையவை; பட்டறையும் இயந்திரமும் வங்கியிலுள்ள பணமும் கம்பெனியுடையவை. இதை ஏற்க மனம் வராதவர்கள் பதிவு செய்யாமல் இருப்பதே நல்லது என்று கருதுகிறேன். வரி குறையும் என்றும், கடன் முற்றினாலும் வீடு தப்பிக்கும் என்றும் யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என ஊகிக்கிறேன். நான் வழக்கறிஞனும் அல்லன், பட்டயக் கணக்காளனும் அல்லன். அம்பத்தூரில் லேத் பட்டறை நடத்துபவன். பிரிவு எண்ணைக் கேட்டு மடக்க நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

அப்பா நடத்திய காலத்தில் எங்களுடையதும் தனி உரிமை நிறுவனம்தான். சட்டத்தின் பார்வையில் அவரும் பட்டறையும் ஒரே ஆள். ஆகவே அவர் காலமானபோது, இயந்திரங்களும் ஆட்களும் ஆர்டர்களும் அப்படியே இருந்தும், பட்டறை என்று சட்டம் அறிந்த எதுவும் மிஞ்சவில்லை. நடப்புக் கணக்கை வங்கி நிறுத்தியது. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வரும் வரை, வாடிக்கையாளர்கள் அந்தக் கணக்கில் செலுத்திய பணத்தைக் கூலிக்குக்கூட எடுக்க இயலவில்லை. ஜி.எஸ்.டி. எண் அவருடைய பான் எண்ணின் மேல் அமைந்தது என்பதால் அதைத் தொடர வழியில்லை. வாரிசு தன் பெயரில் புதிய எண் பெற்று, பழைய எண்ணில் எஞ்சியிருந்த உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரிக்கான கழிவை) அதற்கென உள்ள படிவத்தின் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். இவற்றைவிட என்னை வருத்தியது, நாங்கள் நெடுங்காலமாக உதிரிபாகம் கொடுத்துவந்த ஒரு பெரிய தொழிற்சாலையின் பதில். எங்கள் வேலையின் தரத்தை நன்கு அறிந்த கொள்முதல் அதிகாரி, வென்டார் கோடு, அதாவது பொருள் கொடுப்பவருக்கு அவர்கள் தரும் பதிவு எண், அப்பாவின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது, நீங்கள் புதியவராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார். அவர் மேல் குற்றமில்லை. அவருடைய கணினிக்கு நான் புதியவன்தான்.

அப்பா வங்கிக் கணக்குக்கு நியமனதாரரை (நாமினியை) குறிப்பிட்டு, உயிலும் எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். எழுதியிருந்தால் பணமும் இயந்திரங்களும் எளிதாகக் கைமாறியிருக்கும் என்பது உண்மை. ஆனால் ஜி.எஸ்.டி. எண்ணையும் வென்டார் கோடையும் உயிலில் எழுதிவைக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் கம்பெனி தொடங்கினேன். இயக்குநர் இறந்தாலும் பங்குதாரர் மாறினாலும் கம்பெனி தொடரும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் தரும் உறுதி.

பதிவு செய்யும் வேலை பலர் அஞ்சுவது போல் கடினமன்று. குறைந்தது இரண்டு பங்குதாரர்களும் இரண்டு இயக்குநர்களும் வேண்டும். குறைந்தபட்ச மூலதனம் இவ்வளவு என்ற நிபந்தனை 2015-இல் நீக்கப்பட்டுவிட்டது. எல்லாம் இணையவழி என்பதால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள பதிவாளர் அலுவலகத்துக்கு நான் போகவே இல்லை. ஷெட்டின் உரிமையாளரிடம் தடையில்லாக் கடிதம் வாங்கியதுதான் உண்மையான பாடு. பதிவு அலுவலகம் என்று தம் முகவரியைக் கொடுத்தால், பின்னாளில் கம்பெனி இடத்தையே உரிமை கொண்டாடும் என்று அவர் உறுதியாக நம்பினார். வாடகை ஒப்பந்தத்தில் அவர் சொன்னபடி ஒரு வரியைச் சேர்த்த பிறகே கையெழுத்திட்டார். நீங்கள் வாடகை இடத்தில் இருந்தால் இதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

இனி, நம்முடையது அன்று என்பதற்கு வருகிறேன். கம்பெனியில் நானும் அம்மாவும் இயக்குநர்கள். தம்பிக்கும் கணிசமான பங்கு உண்டு. கணக்கில் ஓரளவு பணம் சேர்ந்ததும், மாங்காட்டுப் பக்கம் மனை வாங்க அவன் கேட்டான். நான் மறுத்தேன். "அப்பாவோட பணம்தானேண்ணா?" என்றான். அப்பா காலத்தில் அப்படித்தான் நடந்தது; கல்லாவிலிருந்து எடுத்து அக்காவின் திருமணத்தை நடத்தினார், யாரும் கேள்வி கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. கம்பெனியிலிருந்து நம் கைக்குப் பணம் வருவதற்குச் சம்பளம், டிவிடெண்ட் (பங்குதாரருக்குப் பிரித்துத் தரும் லாபம்), வாடகை என்று பெயருள்ள வழிகள் மட்டுமே உண்டு. கடன் என்று எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். பத்து சதவீதமோ அதற்கு மேலோ வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இத்தகைய கம்பெனி கொடுக்கும் கடனை, சேர்ந்துள்ள லாபத்தின் அளவு வரை, வருமான வரிச் சட்டம் டிவிடெண்டாகவே கருதி அவரிடம் வரி கேட்கும். இயக்குநர்களுக்கும் அவர்களுடைய உறவினர்களுக்கும் கடன் கொடுப்பதைக் கம்பெனிகள் சட்டம் தனியே கட்டுப்படுத்துகிறது; சிறிய தனியார் கம்பெனிகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு, அதை உங்கள் ஆடிட்டர் பார்க்கட்டும். இத்தனையையும் விளக்கிய பிறகும், அண்ணன் சட்டத்தைக் காட்டிப் பணத்தைப் பூட்டிவிட்டான் என்றுதான் உறவினர்கள் நடுவில் பேச்சு. அம்மா என் பக்கம் நின்றார். தம்பி இன்னும் முழுதாகச் சமாதானமாகவில்லை.

நாம் வேறு, கம்பெனி வேறு என்பது வெறும் காகிதத்தில் உள்ளது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் மக்கௌரா என்பவர் தம் தோட்டத்து மரங்களைத் தம்முடைய கம்பெனிக்கே விற்றார். கம்பெனியின் பங்குகள் எல்லாம் அவருடையவைதான். ஆனால் மரங்களுக்கான தீக்காப்பீட்டைத் தம் சொந்தப் பெயரில் எடுத்தார். மரங்கள் எரிந்தன. எரிந்தவை கம்பெனியின் சொத்து, உமக்கு அவற்றில் காப்பீட்டுக்குரிய உரிமை இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்ததை, 1925-இல், அக்காலத்தில் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை சரியென்று தீர்ப்பளித்தது. லேத்தையும் டிரில்லிங் மிஷினையும் கம்பெனிக்கு மாற்றிய வாரத்திலேயே பாலிசியையும் மாற்றச் சொல்லி எங்கள் ஆடிட்டர் விடாமல் தொலைபேசியில் அழைத்ததன் காரணம் இந்த வழக்குதான்.

கடன் வந்தாலும் வீடு தப்பிக்கும் என்பது பாதி உண்மை. பொருள் கொடுத்தவருக்குக் கம்பெனி தர வேண்டிய பாக்கிக்கு, மோசடி இல்லாதவரை, பொதுவாக உங்கள் வீட்டைத் தொட முடியாது. ஆனால் சிறு கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் இயக்குநர்களின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்கும். எங்களிடமும் கேட்டது, இருவரும் கையெழுத்திட்டோம், அந்த அளவுக்குப் பாதுகாப்பு போனது. தனியார் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத ஜி.எஸ்.டி. பாக்கிக்கு, தம் கடும் அலட்சியம் காரணமன்று என்று நிறுவாத இயக்குநர்களும் பொறுப்பாவார்கள். வரி குறையும் என்பதும் அப்படியே. கம்பெனி தேர்ந்தெடுக்கக்கூடிய 22 சதவீத விகிதம், கூடுதல் வரிகளோடு சுமார் 25.17 சதவீதம் ஆகிறது; அதைக் கட்டிய பிறகு டிவிடெண்ட் எடுத்தால் உங்கள் கையில் மீண்டும் வரி.

எனக்குக் கோபம் வருவது, சில நூறு ரூபாயில் கம்பெனி தொடங்கித் தருவதாக விளம்பரம் செய்பவர்கள் மேல். தொடங்குவது மலிவுதான், 15 லட்சம் ரூபாய் வரையிலான அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துக்கு (கம்பெனி வெளியிடக்கூடிய பங்குகளின் உச்ச மதிப்புக்கு) மத்திய அரசின் பதிவுக் கட்டணமே கிடையாது. பிறகு வருவதை அவர்கள் சொல்வதில்லை. ஒரு ரூபாய்கூட விற்காவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். பதிவாளரிடம் தாக்கல் செய்ய நிதி அறிக்கை ஒரு படிவம், ஆண்டறிக்கை ஒரு படிவம். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பு இல்லை. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநருக்கு ஐந்தாண்டுத் தகுதியிழப்பு. 2017-இல் இப்படித் தகுதியிழந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். பலருக்குத் தாங்கள் ஒரு கம்பெனியின் இயக்குநர் என்பதே மறந்துபோயிருந்தது.

உங்கள் வாடிக்கையாளர்கள் சில்லறைக்காரர்களாகவும், தொழில் உங்கள் ஒருவருடைய கைத்திறனையே நம்பியும் இருந்தால், இப்போதைக்குத் தனி உரிமையே போதும். நியமனதாரர், உயில் இரண்டையும் மட்டும் இந்த மாதமே முடியுங்கள். பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் கொடுப்பவராக இருந்தால் பதிவு செய்யுங்கள். கூட்டாளி இல்லையென்றால் ஒரு நபர் கம்பெனி உண்டு. உங்களுக்குப் பின் யார் என்பதைத் தொடங்கும்போதே, அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு அதில் குறிப்பிட வேண்டும். கூட்டாளி இருந்து, தணிக்கைச் செலவுதான் தயக்கம் என்றால் எல்.எல்.பி.யைப் (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனத்தைப்) பற்றிக் கேளுங்கள். விற்றுமுதல் 40 லட்சத்தையோ கூட்டாளிகள் போட்ட முதல் (பங்களிப்பு) 25 லட்சத்தையோ தாண்டாதவரை எல்.எல்.பி. சட்டப்படி அதற்குத் தணிக்கை கட்டாயமில்லை.