வகுப்பறைப் பேச்சை எழுத்தாக்குவது: கேள்வி பதில்

கேள்வி: காது கேளாத மாணவருக்காக வகுப்பை போனில் பதிந்து விஸ்பரில் (பேச்சை எழுத்தாக்கும் மாடல்) போட்டால் பாதி குப்பை. எந்த மாடலுக்கு மாறலாம்?

பதில்: மாடலை விடுங்கள், மைக்கை மாற்றுங்கள். கடைசி பெஞ்சில் இருக்கும் போனுக்கு ஃபேன் சத்தமும் எதிரொலியும்தான் கேட்கும். ஆசிரியரின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே காலர் மைக் குத்துங்கள். துப்பட்டாவோ ஐ.டி. கார்டு கயிறோ உரசக் கூடாது. விஸ்பர் ஒலியை 16 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கித்தான் படிக்கும். 48-இல் பதிந்தால் கோப்புதான் பெருக்கும்.

கேள்வி: ஆசிரியர் பேசாமல் போர்டில் எழுதும்போது "நன்றி, வணக்கம்" என்று வருகிறதே?

பதில்: அமைதியைக் கொடுத்தால் இட்டுக்கட்டும். ஃபாஸ்டர் விஸ்பரில் (விஸ்பரை வேகமாக ஓட்டும் மென்பொருள்) வி.ஏ.டி. வடிகட்டியைப் போடுங்கள்; பேச்சில்லாத இடத்தை அது வெட்டிவிடும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால், முந்தைய வரியைப் பார்த்து எழுதும் அமைப்பை அணையுங்கள்.

கேள்வி: என்ட்ரோபி, என்தால்பி என்ற கலைச்சொற்கள் ஒன்றுக்கொன்று மாறி விழுகின்றன. மாடலுக்கு முன்கூட்டியே தரும் தொடக்கக் குறிப்பில் அவற்றைக் கொடுத்தும் பயனில்லை.

பதில்: மேலே சொன்ன அமைப்பை அணைத்திருப்பீர்கள். விஸ்பர் ஒலியை 30 நொடித் துண்டுகளாகப் படிக்கும்; அப்போது குறிப்பு முதல் துண்டோடு நின்றுவிடும். ஃபாஸ்டர் விஸ்பரில் ஹாட்வேர்ட்ஸ் என்ற இடத்தில் கொடுத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் போகும். 220 டோக்கனுக்குள் (மாடல் எழுத்தை உடைத்துப் படிக்கும் சிறு துண்டு) அடக்குங்கள். தமிழ் எழுத்து டோக்கனை வேகமாகத் தின்னும்.

கேள்வி: போனை மேசையில் வைத்தால்?

பதில்: காலர் மைக்.

கேள்வி: பார்வையற்ற மாணவருக்கு இது உதவுமா?

பதில்: "இதை இங்கே போட்டால் இது வரும்" என்று நடத்தினால் உதவாது. போர்டில் எழுதுவதை வாயாலும் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: 95 சதவீதம் சரி என்றால் திருத்தாமலே கொடுக்கலாமே?

பதில்: நிமிடத்துக்கு 120 சொல், 50 நிமிடம்: 6000 சொல். அதில் 300 பிழை.

கேள்வி: படிக்கிற பிள்ளை ஊகித்துக்கொள்ளும். பெரிதாக்குகிறீர்கள்.

பதில்: "கரையாது" என்பது "கரையும்" என்று விழுந்தால் எதை வைத்து ஊகிப்பது? காது கேட்பவருக்கு இது வகுப்புக்குத் துணை. காது கேளாதவருக்கு இதுதான் வகுப்பு. எல்லாவற்றையும் திருத்த நேரமில்லையா? எதிர்மறை, எண், அலகு, கலைச்சொல், இவற்றை மட்டும் ஒலியோடு ஒத்துப் பாருங்கள். "அப்புறம்", "ம்" எல்லாம் கிடக்கட்டும்.

கேள்வி: அப்படியானால் தமிழுக்கு மட்டும் பிழை விகிதம் ஏன் இவ்வளவு? படித்தால் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: இதை ஒப்புக்கொள்கிறேன். "வந்து கொண்டிருக்கிறது" என்று பிரிந்து வந்து, ஒப்பிட நீங்கள் வைத்திருக்கும் சரியான படியில் சேர்ந்திருந்தால், பொருள் மாறாமலே பிழைக் கணக்கில் ஏறும். ஒரு விகுதி தவறினாலும் முழுச்சொல் தவறுதான். எழுத்துவாரியாகவும் எண்ணுங்கள். ஆனால் "கரையாது" விஷயத்தில் எழுத்துக் கணக்கு பிழையைச் சின்னதாகக் காட்டும். அதனால் எதிர்மறைச் சொற்களைத் தனியே எண்ணி வையுங்கள்.