அட்டைக்கு யார் பொறுப்பு?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஒரு மாத இதழில் லேஅவுட் ஆர்ட்டிஸ்ட். ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவன். ஒவ்வொரு மாதமும் அட்டை ஃபைனல் செய்யும் நாள் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. நான் ஒரு படம், ஒரு தலைப்பு என்று செய்து கொண்டுபோவேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, ஆனா அந்த சினிமா பேட்டியைக் காணோமே" என்பார். சர்க்குலேஷன் மேனேஜர் ராசிபலனைச் சேர்க்கச் சொல்வார். விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, இலவச இணைப்பு இருப்பதை மஞ்சள் வட்டத்துக்குள் பெரிதாகப் போடச் சொல்வார். கடைசியில் ஒன்பது தலைப்புகள். போன மாதம் முகப்பில் இருந்த பெண்ணின் தாடைமீதே ஒரு தலைப்பு ஏறி உட்கார்ந்துவிட்டது. (அந்த அட்டையை இணைத்திருக்கிறேன்.)

அப்பா சேர்த்துவைத்திருக்கும் பழைய விகடன், கல்கி, அம்புலிமாமா இதழ்களைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. கையால் வரைந்த காலத்தோடு அட்டைக் கலை முடிந்துபோயிற்றா? கம்ப்யூட்டர்தான் கெடுத்ததா? இன்னொரு சின்ன சந்தேகம். இதழின் பெயர் எழுத்துகளைப் படம் மறைக்கலாமா? எங்கள் ஆசிரியர் கூடவே கூடாது என்கிறார்.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அப்பாவின் சேகரிப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழையது எல்லாமே நன்றாக இருந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே கட்டைப் புரட்டினால் தீபாவளிக்குத் தீபாவளி கையில் விளக்கோடு நிற்கும் பெண்ணும் வருவாள். வருடாவருடம் புடவை நிறம் மட்டும் மாறியிருக்கும். கோபுலுவும் மணியமும் வரைந்தவை, அம்புலிமாமாவுக்கு வட்டாதி பாப்பையா தீட்டியவை எல்லாம் நினைவில் நின்றன. மற்றவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன. அதனால்தான் அந்தக் காலம் அவ்வளவு அழகாகத் தெரிகிறது.

கம்ப்யூட்டர்மேல் பழி போடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1994 ஜூனில் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானார். டைம், நியூஸ்வீக் இரண்டு இதழ்களும் ஒரே வாரத்தில் அதே போலீஸ் புகைப்படத்தை அட்டையில் போட்டன. நியூஸ்வீக் படத்தை உள்ளபடி அச்சிட்டது. டைம் இதழுக்காக அதைக் கணினியில் மாற்றியவர் மேட் மஹுரின் என்ற ஓவியர். முகம் கறுத்து, ஓரங்கள் இருண்டு, பார்த்தாலே பயம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. இரண்டு இதழ்களும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கறுப்பரை வேண்டுமென்றே இன்னும் கறுப்பாக்கிக் குற்றவாளியாகக் காட்டுகிறார்கள் என்று பெரிய கண்டனம் கிளம்பியது. மென்பொருள் இரண்டு அலுவலகங்களிலும்தான் இருந்தது. ஓர் ஆசிரியர் அந்தப் படம் போகலாம் என்றார். இன்னோர் ஆசிரியருக்கு அப்படி ஒரு படமே தேவைப்படவில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டதும் இதுதான். உங்கள் அட்டையில் உங்கள் கையைவிட மற்றவர்கள் கைதான் அதிகம் தெரிகிறது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று, சின்ன அத்தை பெயர் கீழே போயிற்று என்று சண்டை வருமே, உங்கள் அட்டை அந்த நிலைக்கு வந்துவிட்டது. யார் மனமும் கோணாமல் இருக்க எல்லோர் பெயரும் ஏறிவிட்டது. நல்ல அட்டைக்கு முதலில் வேண்டியது ஓவியரின் திறமை இல்லை என்றுகூட நான் சொல்வேன். "இது ஒன்றுதான், மற்றதெல்லாம் உள்ளே" என்று சொல்லிவிட்டு, வரும் வசவை வாங்கிக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர் வேண்டும்.

அட்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் போய் நிற்கும் இடம் 1960களின் அமெரிக்க எஸ்கொயர் இதழ். நானும் அங்கேதான் போகிறேன், வேறு வழியில்லை. அதன் அட்டைகளைச் செய்த ஜார்ஜ் லோயிஸ் அந்த இதழின் ஊழியர்கூட இல்லை. நியூயார்க்கில் விளம்பர நிறுவனம் நடத்தியவர், அட்டை அவருக்குப் பக்க வேலை. ஆசிரியர் ஹெரால்ட் ஹேய்ஸ் அந்த மாதம் என்னென்ன கட்டுரைகள் வருகின்றன என்று சொல்வார். லோயிஸ் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார். கூடிப் பேசி ஓட்டுப் போட்டு அட்டை செய்ய முடியாது என்பது அவர் கட்சி. 1962இல் தொடங்கிப் பத்து வருடங்கள் இப்படி ஓடியது.

அவர் செய்த முதல் அட்டை 1962 அக்டோபர் இதழுக்கு. ஃபிளாய்ட் பேட்டர்சனும் சானி லிஸ்டனும் குத்துச்சண்டை போடப்போகும் நேரம். காலியான அரங்கில், பேட்டர்சனைப் போன்ற ஒருவர் மல்லாந்து கிடக்கிறார். பார்வையாளர், நடுவர், எதிராளி யாருமே இல்லை. இதழ் கடைக்கு வந்துவிட்டது, சண்டை இன்னும் நடக்கவில்லை! பேட்டர்சன் ஜெயித்திருந்தால் ஹேய்ஸின் மானம் போயிருக்கும். செப்டம்பர் 25 அன்று சிகாகோவில் லிஸ்டன் முதல் ரவுண்டிலேயே அவரை வீழ்த்தினார். மறு வருடம் டிசம்பரில் அதே லிஸ்டன் தலையில் கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பி. அமெரிக்காவில் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருடம் அது. வெள்ளைக்காரக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் தாத்தா, முறைத்த முகமுள்ள ஒரு கறுப்புக் குத்துச்சண்டைக்காரர் என்றால் சும்மா இருப்பார்களா? விளம்பரதாரர்கள் விலகினார்கள், ஹேய்ஸ் அசையவில்லை. 1966 அக்டோபர் அட்டையில் படமே இல்லை. முழுக் கறுப்பில் வெள்ளை எழுத்தாக, வியட்நாமில் ஒரு சிறுமி அடிபட்டுவிட்டதைப் பார்த்து 'ஐயோ' என்று பதறும் ஒரே ஒரு வாக்கியம்.

1968 ஏப்ரல் அட்டையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். குத்துச்சண்டை வீரர் முகமது அலி வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டத்தைப் பறித்து, ஐந்து வருடச் சிறைத் தண்டனையும் விதித்திருந்தார்கள். மேல்முறையீட்டில் வெளியே இருந்தார், ஆனால் குத்துச்சண்டை மேடை ஏற முடியாது. அவரை அம்பு தைத்த புனித செபஸ்தியாராக நிறுத்தலாம் என்பது லோயிஸின் யோசனை. நம் தென்மாவட்ட மாதா கோயில்களில் செபஸ்தியார் சுரூபம் பார்த்திருப்பீர்கள். கட்டிவைத்த உடம்பு, அங்கங்கே அம்புகள், அண்ணாந்த முகம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் ஒரு பழைய ஓவியத்தின் போஸ்ட்கார்டை அலியிடம் காட்டியிருக்கிறார்கள். இவர் கிறிஸ்தவ புனிதராயிற்றே, நான் முஸ்லிமல்லவா என்று அலி தயங்கினார். பிறகு அவருடைய மார்க்கத் தலைவர் எலைஜா முகமதுவிடம் தொலைபேசியில் சம்மதம் வாங்கிய பிறகுதான் நின்றார்.

கார்ல் ஃபிஷர் எடுத்த அந்தப் படத்தில் பின்னணி வெள்ளை, கால்சட்டை வெள்ளை, காலணியும் வெள்ளை. கைகள் முதுகுக்குப் பின்னால். ஆறு அம்புகள், மார்பிலிருந்து தொடைவரை. அம்புகள் கனமாக இருந்ததால் உடம்பில் ஒட்டினாலும் தொங்கிப்போயின. மேலே ஒரு கம்பியைக் கட்டி, அதிலிருந்து தூண்டில் நரம்பில் ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அவ்வளவு நேரமும் அலி ஆடாமல் நின்றார். ஒவ்வோர் அம்புக்கும் அதிபர் ஜான்சன், மெக்னமாரா என்று போர் நடத்தியவர்களின் பெயரை அலி சொல்லிக்கொண்டிருந்ததாக லோயிஸ் சொன்னார். லோயிஸ் கதைக்குக் கொஞ்சம் மசாலா சேர்த்த ஆள்தான். மற்றவர்கள் யோசனையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறார் என்று அவருடைய பழைய கூட்டாளியே குற்றம் சாட்டியிருக்கிறார். அதனால் அம்புப் பெயர்களை நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். படத்தைப் பார்க்க அந்தக் கதை தேவையே இல்லை. அட்டையில் இருக்கும் எழுத்து ஒரு சிறிய வரி, 'முகமது அலியின் பாடுகள்' என்று. தாடைமீது ஏற எதுவும் இல்லை, கவனித்தீர்களா?

அமெரிக்காவில் நடக்கும், இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. விகடன் அட்டையில் படத்தோடு ஒரு ஜோக் போடுவது பழைய வழக்கம். 1987இல் அப்படி ஓர் அட்டை ஜோக் வந்தது. மேடையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் போல இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். சட்டமன்றம் இதை உரிமை மீறல் என்றது. மன்னிப்புக் கேட்கச் சொன்னது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் கேட்கவில்லை. ஏப்ரலில் மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். கண்டனம் பலமாக எழுந்ததும் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அதோடு நிற்காமல் வழக்குப் போட்டார். 1994இல் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயிரம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஜோக்கை யோசித்தவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர். உள்ளே போனவர் ஆசிரியர். ராசிபலனை ஏன் அட்டையில் போடவில்லை என்று கேட்டு யாரையும் ஜெயிலில் போட மாட்டார்கள் என்று உங்கள் ஆசிரியரிடம் சொல்லிப்பாருங்கள். (நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.)

கடையில் விற்க வேண்டுமே என்ற சர்க்குலேஷன் மேனேஜரின் கவலை பொய்யில்லை. ஆனால் நம் ஊர்ப் பெட்டிக்கடையைக் கவனியுங்கள். கயிற்றில் கிளிப் மாட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக இதழ்கள் தொங்குகின்றன. பாதி அட்டை அடுத்த இதழுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வெளியே தெரிவது மேல்பகுதி மட்டும். கீழ்ப்பாதியில் நீங்கள் அடுக்கிய ஐந்து தலைப்புகளையும் காசு கொடுத்து வாங்கியவர்தான் பார்க்கப்போகிறார். அவர் எப்படியும் உள்ளே புரட்டுவார். கத்தி அழைக்கிற வேலைக்குக் கடை வாசலில் தொங்கும் போஸ்டர் இருக்கிறது. ஒன்பது தலைப்பையும் அங்கே போடச் சொல்லுங்கள். அப்புறம் தமிழில் இன்னொரு சங்கடம். நம் சொற்கள் நீளம். 'முதலமைச்சரின் வெளிநாட்டுப் பயணம்' என்று போட்டாலே இரண்டு வரி ஆகிவிடும். மூன்று தலைப்புக்குமேல் போனால் எழுத்தைச் சிறிதாக்காமல் தப்பிக்க வழியில்லை. சிறிதாக்கினால் கடைக்கு எதிரே நிற்பவருக்குத் தெரியாது. மேனேஜருக்கு நீங்கள் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டாம், இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள்.

ஃபைனல் நாளன்று நாலு பேர் முன்னால் அட்டையை எடுத்துப்போவதை நிறுத்துங்கள். பத்து நாள் முன்னதாக ஆசிரியரைத் தனியாகப் பிடியுங்கள். இந்த மாதம் ஒரே ஒரு கட்டுரைதான் அச்சாகும் என்றால் எதை வைத்துக்கொள்வீர்கள் என்று கேளுங்கள். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அட்டை பாதி முடிந்த மாதிரி. எல்லாமே முக்கியம்தான் என்றால்? வேறு இதழில் வேலை தேடலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை.

இதழின் பெயரை மறைக்கலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக மறைக்கலாம். நியூயார்க்கர் இதழின் 2001 செப்டம்பர் 24 அட்டையைத் தேடிப்பாருங்கள். பிரான்சுவாஸ் மூலியும் ஆர்ட் ஸ்பீகல்மனும் செய்தது. முதலில் வெறும் கறுப்புத்தாள் போலத் தெரியும். சாய்த்துப் பிடித்தால் கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக, அந்த மாதம் விமானங்கள் மோதித் தகர்ந்த உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்கள். நான்கு நிற மையும் சேர்ந்த கறுப்பின்மேல் தனியாக ஒரு கறுப்பு மை ஓட்டியிருக்கிறார்கள். அச்சகத்தில் சொன்னால் உங்கள் ஆட்களே செய்து காட்டுவார்கள். வடக்குக் கோபுரத்தின் ஆன்டெனா இதழின் பெயரில் உள்ள 'டபிள்யூ' எழுத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகிறது. பெயரைத் தொடவே கூடாது என்று யாராவது அடம்பிடித்திருந்தால் அந்த அட்டை அப்படி வந்திருக்காது.

தமிழில் மட்டும் ஓர் எச்சரிக்கை. ஆங்கில எழுத்தில் பாதி மறைந்தாலும் கண் சரிசெய்துகொள்ளும். நமக்குப் புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும், சுழி மறைந்தால் 'கி' போய்விடும். எழுத்தின் வயிற்றை மறைக்கலாம், உச்சியை மறைக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய அட்டையில் இதழின் பெயரிலுள்ள இரண்டு புள்ளிகளும் வலப்பக்கம்தான் இருக்கின்றன. அந்தப் பெண்ணின் தலையை இடப்பக்கமாக நகர்த்தி, அரை அங்குலம் மேலே ஏற்றிப் பாருங்கள். தாடைக்குக் கீழே ஒரு தலைப்புக்கு இடமும் கிடைக்கும்.

அன்புடன்.