36 மர கிட் வாங்கும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வகுப்பில் 36 பிள்ளைகள். மரத்துண்டுகளைச் சேர்த்து விமானம், மாட்டு வண்டி செய்கிற கிட் வாங்கப் பெற்றோர் பணம் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். ஆன்லைனில் 80 ரூபாய்க்கும் இருக்கிறது, 400 ரூபாய்க்கும் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: டீச்சர், முதலில் ஒரே ஒரு கிட் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து நீங்களே முழுசாகச் செய்து பாருங்கள். கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே அரை மணி நேரம் பிடித்தால், பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு பீரியட் போதாது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு கோடைக்கால வகுப்புக்கு 30 கிட்டைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கினேன். விமானத்தின் இறக்கையைச் செருகும் துளை, பலகையின் தடிமனைவிடக் கொஞ்சம் சின்னது. ஒரு சிறுமி கட்டைவிரலால் அழுத்தினாள். ‘டக்’கென்று இறக்கையின் நாக்கு, அதாவது துளைக்குள் போகும் நீட்டல், ஒடிந்தது. கையில் இரண்டு துண்டுகளை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்று ஏழு பேருக்கு இப்படி ஆனது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

ஆகவே துண்டுகள் இறுக்கமாக, ஆனால் பலம் போடாமல் செருகினால் போகிறதா என்று பாருங்கள். மெல்லிய நாக்குகள் மர ரேகைக்குக் குறுக்கே வெட்டப்பட்டிருந்தால் சீக்கிரம் ஒடியும். பிளைவுட் என்றால் நல்லது. எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) விலை குறைவு, ஆனால் ஈரம் பட்டால் உப்பிவிடும். பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். லேசரில் வெட்டிய ஓரங்களில் கரி இருக்கும், வெள்ளைச் சட்டை கறுத்துவிடும். ஒரு துண்டு உப்புத்தாள் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அந்த வேலையே பிடிக்கும். பசை தேவைப்படாத கிட்தான் வகுப்புக்கு வசதி. வெள்ளைப் பசை பிடிக்க நேரமாகும். சட்டென்று ஒட்டும் சூப்பர் குளூ பிள்ளைகள் கையில் போகவே கூடாது.

அப்புறம், 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கு விலக்கு உண்டு. மோட்டார், பேட்டரி இல்லாத பொம்மை என்றால் முத்திரையின் மேலே ஐ.எஸ். 9873 என்ற தர எண்ணும், கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் உள்ள பெயரோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியே இல்லாத 80 ரூபாய் கிட்டைத் தொடாதீர்கள்.

மாதிரி கிட் திருப்தி என்றால் 36-க்குப் பதில் 39 வாங்குங்கள். எப்படியும் சில துண்டுகள் தொலையும். ஒடிந்து வந்தவற்றை மாற்றித் தருவதாக ஆர்டருக்கு முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கி, பில்லோடு வைத்திருங்கள். பிறகு மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் கொடுக்கலாம்.